பக்கத்துக்குள் கணக்கு: கணினி வாசகர் கேள்வி – பதில்

ஆலயத் திருப்பணி நன்கொடையாளர் பட்டியலைப் பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனில் அட்டவணையாகவே தட்டெழுதி முடித்துவிட்டோம். மொத்தம் 340 வரிகள். இப்போது ஊர்வாரியாக அகரவரிசையில் வேண்டும், ஒவ்வோர் ஊருக்கும் கூட்டுத்தொகையும் வேண்டும் என்கிறார்கள். அதற்கான கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது? – அச்சக ஊழியர், நல்லூர்

எந்த மெனுவிலும் இல்லை. இன்டிசைனின் அட்டவணைக்கு வரிசைப்படுத்தவும் தெரியாது, கூட்டவும் தெரியாது. அதற்கு ஒரு செல்லில் உள்ள 12,500 என்பது தொகை அல்ல, ஆறு குறிகள் கொண்ட ஓர் எழுத்துத்தொடர். ஆகவே தரவை வெளியே எடுத்து, எக்செல்லில் வேலையை முடித்து, திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. தட்டெழுதியது வீணாகாது.

முதலில் கோப்பைப் பிரதியெடுத்துக்கொண்டு பிரதியில் வேலை செய்யுங்கள். கர்சரை அட்டவணைக்குள் வைத்து ‘டேபிள்’ மெனுவில் ‘கன்வேர்ட் டேபிள் டு டெக்ஸ்ட்’ கொடுங்கள். நிரல் (மேலிருந்து கீழ்) பிரிப்பானாக டாப், நிரை (இடமிருந்து வலம்) பிரிப்பானாகப் பராகிராப். வரும் உரையைப் பிரதிசெய்து எக்செல்லில் ஒட்டினால் டாப் உள்ள இடமெல்லாம் தனி நிரலாகும். நிரல் பிசகிய வரி இருந்தால், அந்தச் செல்லுக்குள் முன்பே யாரோ ஒரு டாப்பையோ என்டரையோ தட்டியிருக்கிறார்கள். இன்டிசைனில் ‘ஷோ ஹிடன் கரெக்டர்ஸ்’ போட்டுப் பார்த்தால் அகப்படும்.

எக்செல்லில் பெயரை ஒரே நிரலில் விடாதீர்கள். நம் வழக்கப்படி தகப்பன் பெயரின் முன்னெழுத்து முதலில் நிற்பதால், அப்படியே வரிசைப்படுத்தினால் பட்டியல் நன்கொடையாளரின் பெயரில் அல்ல, அவருடைய தகப்பனின் பெயரில் அடுக்கப்படும். திரு, திருமதி, அமரர், கலாநிதி போன்ற அடைகள் இருந்தால் இன்னும் மோசம்: அமரர்கள் எல்லோரும் பட்டியலின் தலைப்பில் திரளுவார்கள். அடைமொழி, முன்னெழுத்து, பெயர், ஊர், தொகை என ஐந்து நிரல்களாகப் பிரியுங்கள். பிறகு ‘டேட்டா’, ‘சோர்ட்’ போய் முதற் படியாக ஊரும் ‘அட் லெவல்’ மூலம் இரண்டாம் படியாகப் பெயரும் கொடுங்கள்.

ஊர்வாரிக் கூட்டுத்தொகைக்கு அதே ‘டேட்டா’ பட்டியிலுள்ள ‘சப்டோட்டல்’ போதும். எந்த நிரல் மாறும்போது கூட்டவேண்டும் என்பதற்கு ஊர், எதைக் கூட்டவேண்டும் என்பதற்கு தொகை. இந்தக் கட்டளை மங்கலாகத் தெரிந்தால் உங்கள் தரவு எக்செல்லின் ‘டேபிள்’ வடிவில் இருக்கிறது. அதைச் சாதாரண வீச்சாக (‘ரேஞ்ச்’) மாற்றினால் வேலை செய்யும். ஊர் வரிசைப்படி அடுக்கியிருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் ஒரே ஊருக்கு நாலைந்து கூட்டுத்தொகைகள் வரும். எக்செல் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘டோட்டல்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடும். அதை ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ கொண்டு ‘மொத்தம்’ என்று மாற்ற மறந்துபோய் அச்சேறிய மலர்கள் பல உண்டு.

திரும்பக் கொண்டுவரும்போது ‘ஃபைல்’, ‘பிளேஸ்’ கொடுத்து ‘ஷோ இம்போர்ட் ஒப்ஷன்ஸ்’ பெட்டியில் சரி போடுங்கள். வடிவமைப்பில் ‘அன்ஃபோர்மெட்டட் டேபிள்’, தசம இடங்கள் 2. அட்டவணை பக்கத்தில் விழுந்த பின் டேபிள் ஸ்டைலைப் பிரயோகியுங்கள். வரிகளுக்கு மாறிமாறி நிறம் வேண்டுமென்றால் செல்களைக் கையால் நிறந்தீட்ட வேண்டாம். ‘டேபிள் ஒப்ஷன்ஸ்’ பெட்டியிலுள்ள ‘ஆல்டர்னேட்டிங் ஃபில்ஸ்’ போட்டால், பின்னர் ஒரு வரி இடையில் புகுந்தாலும் நிறவரிசை தானாகச் சரியாகும். தொடரிலக்கமும் அப்படியே. 1 முதல் 340 வரை தட்டாமல், எண்ணிடும் பராகிராப் ஸ்டைல் ஒன்றை அந்த நிரலுக்குக் கொடுத்துவிட்டால் போதும்.

பத்து வரி கொண்ட சிறிய அட்டவணைக்கும் எக்செல்லுக்குப் போய்வர வேண்டுமா? – வாசகர், கோண்டாவில்

தேவையில்லை. இன்டிசைன் சிசி 2014 முதல் முழு நிரையைத் தெரிவுசெய்து மவுசால் இழுத்து வேறிடத்தில் விடலாம். பத்து வரிக்கு அதுவே விரைவு.

கொஞ்சம் கூடினால் இன்டிசைனோடு வரும் மாதிரி ஸ்கிரிப்ட் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு கட்டளைக் கோப்பு) ஒன்று உதவும். ‘விண்டோ’, ‘யூட்டிலிட்டீஸ்’, ‘ஸ்கிரிப்ட்ஸ்’ திறந்து, ‘அப்ளிகேஷன்’, ‘சாம்பிள்ஸ்’, ‘ஜாவாஸ்கிரிப்ட்’ கோப்புறைகளுக்குள் ‘சோர்ட் பராகிராப்ஸ்’ என்று இருக்கும். அது அட்டவணையைத் தொடாது, பந்திகளை மட்டுமே வரிசைப்படுத்தும். ஆகவே அட்டவணையை உரையாக மாற்றி, தெரிவுசெய்து, ஸ்கிரிப்டை இரட்டைக் கிளிக் செய்து, மறுபடி ‘கன்வேர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்’ கொடுக்க வேண்டும். தலைப்பு நிரையைத் தெரிவில் சேர்க்காதீர்கள். இறுதி வரியின் முடிவிலும் ஓர் என்டர் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு வரிகள் ஒட்டிக்கொள்ளக்கூடும். நிரல் அகலங்கள் போய்விடும். ஒன்றாக்கிய செல்கள் இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

இந்த ஸ்கிரிப்ட் முதல் நிரலின் முதல் எழுத்திலிருந்துதான் ஒப்பிடும், அதுவும் கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள குறியீட்டு எண்ணை வைத்து. தமிழுக்கு அது என்ன செய்யும் என்பது அடுத்த பதிலில்.

யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளையும் எக்செல்லில் அகரவரிசைப்படுத்தினேன். யாழ்ப்பாணம் முதலாவதாகவும் சண்டிலிப்பாய் கடைசியாகவும் வருகிறது. நெடுந்தீவு, கோப்பாய், தெல்லிப்பழை, வேலணை நான்கும் ஒன்றாகக் கிடக்கின்றன. எழுத்துரு பாமினி. – வாசகி, திருநெல்வேலி

எழுத்துருதான் காரணம். பாமினியில் தட்டெழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. ‘ய’ எழுத ஏ விசையைத் தட்டுகிறோம், ‘உ’வுக்கு சி, ‘ந’வுக்கு ஈ, ‘க’வுக்கு எஃப், ‘ப’வுக்கு ஜி, ‘ம’வுக்கு கே, ‘ச’வுக்கு ஆர். எக்செல் ஆங்கில நெடுங்கணக்கின்படி அடுக்குகிறது. அதனால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வரிசை இது: யாழ்ப்பாணம், உடுவில், ஊர்காவற்றுறை, நல்லூர், காரைநகர், கரவெட்டி, பருத்தித்துறை, மருதங்கேணி, நெடுந்தீவு, கோப்பாய், தெல்லிப்பழை, வேலணை, சாவகச்சேரி, சங்கானை, சண்டிலிப்பாய். நடுவில் அந்த நான்கும் சேர்ந்து நிற்பதற்கும் விளக்கம் உண்டு. கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டுகிறோம். ஒற்றைக் கொம்புக்குச் சிறிய என், இரட்டைக் கொம்புக்குப் பெரிய என். ஆகவே கோ, தெ, நெ, வே எல்லாம் எக்செல்லின் கண்ணுக்கு என் என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள்.

பாமினியில் ‘இ’ எழுத்தின் விசை கொமா என்பதையும் மறக்கவேண்டாம். கொமாவால் பிரித்த உரையை அட்டவணையாக்கினால் ஒவ்வோர் ‘இ’யிலும் செல் பிளந்துவிடும். டாப்பைத் தவிர வேறெதையும் பிரிப்பானாகப் பாவிக்காதீர்கள்.

தீர்வு, வரிசைப்படுத்துவதற்கு முன் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது. அப்படி மாற்றித்தரும் செயலியில் (மாற்றி) பெயர் நிரல்களை மட்டும் இடுங்கள். தொகை நிரலையும் சேர்த்து இட்டால் 12,500 என்பது 12இ500 ஆகிவிடும். இந்த ‘இ’யை நம்மூர் அறிவித்தல்களிலும் செய்தித்தளங்களிலும் காணாதவர் இல்லை. மாற்றிய பின் ‘கெள’ என்று ஒருமுறை தேடுங்கள். சில மாற்றிகள் கௌரி என்பதைக் கொம்பு, க, ள என மூன்றாக உடைத்துக் கெளரி ஆக்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வரிசையிலோ கோபாலுக்குப் பின் வரவேண்டியவர் கேதாரத்துக்கு முன்னால் போய் நிற்பார்.

ஒருங்குறிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஒருங்குறி அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு ஒழுங்கில் நிற்கவில்லை. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன் பின்தான் வ. புள்ளி, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால். ஆய்தமோ அகரத்துக்கு முன்னால். குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் எதுவானாலும் கந்தரோடையை முதலும் கந்தர்மடத்தைப் பின்பும் வைக்கும். அகராதி முறையில் மெய் முதலில் வருவதால் கந்தர்மடம்தான் முன்னுக்கு. வளலாய், வவுனியா என்று அது அடுக்கும், நமக்கு வேண்டியது வவுனியா, வளலாய். கனகராயன்குளம் கரவெட்டிக்கு முன்னால் வருவதும் இதே பிழை.

லிப்ரே ஒபிஸ் கல்க் செயலியில் ‘டேட்டா’, ‘சோர்ட்’ பெட்டியின் ‘ஒப்ஷன்ஸ்’ பகுதியில் மொழியைத் தமிழ் என்று தெரிவுசெய்யலாம். வரிசைப்படுத்தும் வேலைக்கு எக்செல்லைவிட அதையே பரிந்துரைப்போம். எதைப் பாவித்தாலும் மேலே சொன்ன ஆறு ஊர்களையும் முதலில் கொடுத்துச் சோதியுங்கள். கந்தர்மடம், கந்தரோடை, கரவெட்டி, கனகராயன்குளம், வவுனியா, வளலாய் என்று வந்தால் 15 பிரிவுகளையும் நம்பிக் கொடுக்கலாம்.

இன்டிசைனுக்குத் திரும்பியதும் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் தரவு பழுதல்ல. பராகிராப் ஸ்டைலின் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பராகிராப் கொம்போசர்’ தெரிவுசெய்யப்படவில்லை, அவ்வளவே.

சங்கத்தின் வரவு-செலவு அட்டவணையை வேர்ட்டிலிருந்து எக்செல்லில் ஒட்டிக் கூட்டினால் சில நிரல்களுக்கு 0 வருகிறது, சிலவற்றுக்குக் குறைவான தொகை வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. – பொருளாளர், சுன்னாகம்

பிழைச்செய்தி வராததுதான் இதில் ஆபத்து. எக்செல்லின் ‘சம்’ எழுத்தாகக் கருதும் செல்களைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். நிரல் முழுவதும் எழுத்தென்றால் 0, சில மட்டும் எழுத்தென்றால் குறைந்த தொகை.

எத்தனை செல்கள் தாண்டப்பட்டன என்று அறிய, நிரலின் கீழே இரண்டு சூத்திரங்கள் போடுங்கள். ‘கவுண்ட்’ எண்களை மட்டும் எண்ணும், ‘கவுண்ட்ஏ’ வெறுமையல்லாத எல்லாவற்றையும் எண்ணும். ஒன்று 48, மற்றது 52 என்றால் நாலு செல்கள் எழுத்தாக இருக்கின்றன. செல்களின் இடம்-வலம் ஒழுங்கை நீக்கிவிட்டால், எழுத்தாக உள்ளவை இடப்பக்கம் ஒதுங்கித் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

நம் ஊர்க் கணக்குகளில் வழக்கமான குற்றவாளி ரூபாவுக்குப் பின் போடும் /= குறி. 12,500/= என்று தட்டினால் அது எண் அல்ல. குறி வேண்டுமானால் எண்ணை வெறுமனே தட்டிவிட்டு, ‘ஃபோர்மெட் செல்ஸ்’, ‘கஸ்டம்’ பெட்டியில் #,##0.00"/=" என்று கொடுங்கள். பார்வைக்கு /= இருக்கும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும். அடுத்தது பாமினியில் கொமாவுக்காகத் தட்டும் > குறி: திரையில் 12,500 என்று தெரிவது உண்மையில் 12>500. மூன்றாவது, வேர்ட்டிலிருந்தும் இணையத்திலிருந்தும் ஒட்டும்போது வரும் பிரியா இடைவெளி (சாதாரண இடைவெளி போலவே தெரியும் வேறொரு குறி). அதை ‘ட்ரிம்’ சூத்திரம் நீக்காது. அந்த இடைவெளி ஒன்றை மட்டும் பிரதிசெய்து, ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ பெட்டியின் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

யாரோ எழுதித் தந்த ஸ்கிரிப்டைக் கொண்டு இன்டிசைனுக்குள்ளேயே கூட்டுபவர்களுக்கு இதைவிடப் பெரிய குழி உண்டு. எழுத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் ‘பார்ஸ்ஃபுளோட்’ கொமாவைக் கண்டதும் நின்றுவிடும். 12,500 என்பது அதற்கு வெறும் 12. ஆயிரத்துக்குக் குறைந்த தொகைகள் சரியாகக் கூடுவதால் சிறிய மாதிரியில் சோதித்தால் பிடிபடாது. கொமாவை நீக்கிவிட்டு எண்ணாக்கும் வரி ஒன்று ஸ்கிரிப்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஆறிலக்கத் தொகையைக் கொடுத்துச் சோதிக்காமல் எந்த ஸ்கிரிப்டையும் நம்பவேண்டாம்.

செலவுகளின் விழுக்காடுகளைக் கூட்டினால் 99.99 வருகிறது. கணக்காய்வாளர் கேட்கிறார். – வாசகர், சாவகச்சேரி

மட்டந்தட்டியதன் (தசம இடங்களைக் குறைத்து எழுதியதன்) விளைவு. சமமான மூன்று செலவுகள் ஒவ்வொன்றும் 33.33 என்று அச்சாகும், கூட்டினால் 99.99. எக்செல்லின் கூட்டுத்தொகையோ 100.00 என்றே காட்டும். ஏனென்றால் அது திரையில் தெரிவதைக் கூட்டுவதில்லை, உள்ளே உள்ள நீண்ட தசமத்தைக் கூட்டுகிறது. இன்டிசைனுக்கு வருவது திரையில் தெரியும் வடிவம் மட்டுமே. வாசிப்பவர் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் உதைக்கும்.

விழுக்காட்டுக்கு 100.00 என்று விட்டு, ‘மட்டந்தட்டியதால் கூட்டுத்தொகையில் சிறு வேறுபாடு தோன்றலாம்’ என்று அட்டவணையின் கீழ் ஒரு வரி போட்டால் போதும். பணத்துக்கு அது பொருந்தாது. 1,000 ரூபாவை மூன்றாகப் பிரித்து 333.33 என்று மூன்று முறை எழுதிவிட்டுக் கீழே 1,000.00 என்றால் அது பிழையான கணக்கு. ஒவ்வொரு வரியையும் ‘ரவுண்ட்’ சூத்திரத்தால் 2 தசமத்துக்கு மட்டந்தட்டி, மிஞ்சும் ஒரு சதத்தை ஒரு வரியில் சேர்த்து 333.34 ஆக்குங்கள். எந்த வரியில் சேர்ப்பது என்பதைப் பொருளாளர் தீர்மானிக்கட்டும், பக்கம் வடிவமைப்பவர் அல்ல.

புள்ளிகளை ஏறுவரிசையில் அடுக்கினால் 100 எடுத்த பிள்ளை 35 எடுத்தவருக்கும் 9 எடுத்தவருக்கும் முன்னால் நிற்கிறது. – ஆசிரியை, பருத்தித்துறை

எழுத்தாக வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். முதல் இலக்கமே ஒப்பிடப்படுவதால் 100, 35, 78, 9 என்று வரும். மேலே சுன்னாகம் பொருளாளருக்குச் சொன்னபடி எண்ணாக மாற்றுங்கள். இசட் புள்ளிப் (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) பட்டியலென்றால் மறைப்பெறுமானங்களையும் (பூச்சியத்துக்குக் குறைந்தவை) கவனியுங்கள். கழித்தல் குறிக்குப் பதிலாக நீண்ட கோடு விழுந்திருந்தால் அந்த வரிகள் எழுத்தாகிவிடும். சமபுள்ளிக்கு எக்செல்லின் ‘ரேங்க்’ 1, 2, 2, 4 என்று நிலை தரும். 3 எங்கே என்று பெற்றோர் கேட்டால் அதுதான் பதில்.

சாதாரண தரச் சித்திகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்ற ஐந்தும் ஆங்கில நெடுங்கணக்கு ஒழுங்கிலேயே அமைந்துவிட்டன. வராதோருக்கு ஏபி என்று போட்டிருந்தால் மட்டும் அவர்கள் ஏ-க்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிடுவார்கள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் எக்செல்லில் ஐந்தாறு தொகைகள் மாறின. இணைப்பைப் புதுப்பித்ததும் அட்டவணையின் அலங்காரம் எல்லாம் அழிந்துவிட்டது. – வடிவமைப்பாளர், மானிப்பாய்

எக்செல் கோப்பை இணைப்பாகக் கொண்டுவந்திருந்தால், புதுப்பிக்கும்போது இன்டிசைனில் கையால் செய்த திருத்தங்கள் போய்விடும். எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும், அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்தியிருப்பீர்கள். ‘அன்டூ’ கொடுத்து மீளுங்கள். பிறகு எண்களை மட்டும் மாற்றுங்கள். ‘பிரெஃபரன்ஸஸ்’, ‘கிளிப்போர்ட் ஹாண்ட்லிங்’ பகுதியில் ஒட்டும் முறையை ‘டெக்ஸ்ட் ஒன்லி’ ஆக்குங்கள். எக்செல்லில் தொகை நிரலை மட்டும் பிரதிசெய்யுங்கள். இன்டிசைனில் அதே எண்ணிக்கையான செல்களை இழுத்துத் தெரிவுசெய்து ஒட்டுங்கள். எண்கள் மாறும், ஸ்டைல் நிற்கும். செல்லைத் தெரிவுசெய்யாமல் கர்சரை உள்ளே வைத்து ஒட்டினால் நிரல் முழுவதும் அந்த ஒரே செல்லுக்குள் அடையும். எஸ்கேப் விசையை ஒருதரம் அழுத்தினால் கர்சர் நிற்கும் செல் தெரிவாகும்.

ஒட்டியபின் முதல் வரி, நடு வரி, கூட்டுத்தொகை மூன்றையும் எக்செல்லோடு வைத்துப் பாருங்கள். நிரை ஒன்று இடம்மாறி ஒட்டுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

இன்டிசைன் இல்லை. வேர்ட்டிலோ லிப்ரே ஒபிஸிலோ செய்யலாமா? – வாசகர், காரைநகர்

செய்யலாம், சிறிய மலர்களுக்கு அதுவே போதும். வேர்ட்டில் அட்டவணைக்குள் கர்சர் நிற்கும்போது வரும் ‘லேஅவுட்’ பட்டியில் ‘சோர்ட்’, ‘ஃபோர்முலா’ இரண்டும் உண்டு. ‘சம் அபவ்’ மேலே உள்ளவற்றைக் கூட்டும். ஆனால் தலைப்பில் 2024 என்று ஆண்டு இருந்தால் அதையும் கூட்டிவிடும். இடையில் வெறுஞ்செல் இருந்தால் அதில் 0 இடுங்கள், இல்லாவிட்டால் கூட்டல் பிசகலாம். எண் மாறினால் விடை தானாக மாறாது, முழு அட்டவணையையும் தெரிவுசெய்து எஃப்9 அழுத்தவேண்டும்.

லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் எஃப்2 அழுத்தினால் சூத்திரப் பட்டி வரும், எண் மாறினால் விடையும் தானாக மாறும். வரிசைப்படுத்தும்போது எண்ணா எழுத்தா என்று நிரலுக்கு நிரல் கேட்பதும் அதன் நல்ல குணம். தலைப்பு நிரையைத் தெரிவில் சேர்க்காதீர்கள்.

எங்கள் கணினியில் பன்னிரண்டரை இலட்சம் 12,50,000 என்று வருகிறது. வங்கி அறிக்கையில் 1,250,000 என்று உள்ளது. – வாசகி, சங்கானை

விண்டோஸின் வட்டார அமைப்பு இந்திய முறையில் இருக்கிறது. ‘கண்ட்ரோல் பனல்’, ‘ரீஜன்’, ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ போய் ‘டிஜிட் குறூப்பிங்’ என்பதில் 123,456,789 வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கள். எக்செல்லை மூடித் திறந்தால் மாறியிருக்கும். இன்டிசைனில் ஏற்கெனவே ஒட்டியவை மாறா, அவற்றை மறுபடி ஒட்டவேண்டும்.